ஒரு வாய் பச்சரிசி

கூப்பிட்டால் போகலாம். போகாமலும் இருக்கலாம். உலகம்மாள் என்று உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம், அதுவரை இந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். காதில் விழாதது போல் உட்கார்ந்தே இருந்தால் என்ன செய்துவிடுவார்கள், கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளிக் கையில் ஊசியைக் குத்திவிடுவார்களா. ரத்தம் என்னுடையது. கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம். என் இஷ்டம் என்று ஒன்று இந்த ரத்த வங்கி வாசலில்தான் முதல் தடவையாக என் கைக்கு வந்திருக்கிறது, அதை அவ்வளவு லேசில் விட்டுவிட்டு எழுந்து போவேனா. மேலே பெண்கள் வார்டில் பிரமு அத்தை படுத்திருக்கிறாள். என் அப்பாவின் அக்கா, இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். எண்பது தாண்டி எத்தனையோ வருஷம் ஆயிற்று. நேற்று குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை, இன்றைக்கே ஏற்றியாக வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடையது ஓ நெகட்டிவ். இங்கே இருப்பு இல்லையாம். சொந்தத்தில் யாருக்காவது அதே வகை இருக்குமே, விசாரித்துப் பாருங்கள் என்றார்கள். விசாரிக்க என்ன இருக்கிறது, என் மகள் பவித்ரா பிறந்தபோதே எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஊர் உலகத்தில் எத்தனையோ வகை ரத்தம் இருக்க, அத்தைக்கும் எனக்கும் ஒரே வகையை வைத்த கடவுளுக்கு நல்ல குசும்பு. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவர் வகையும் வேறு. ஆக, அத்தை இருப்பதும் போவதும் இந்த பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாடிப்படி இறங்கி வந்ததற்கே மூச்சு வாங்குகிறது, வயசாகிவிட்டது. பையைத் திறந்து சின்ன டப்பாவிலிருந்து நாலு மணி பச்சரிசி எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன். கடைவாயில் வைத்துக் கடிக்கும்போது வருகிற அந்த நறுக்கென்ற சத்தம், அப்புறம் நாக்கில் ஊறுகிற மாவு. இது இல்லாமல் எனக்கு யோசனை ஓடாது.

பாண்டு. இந்த ஒரு வார்த்தையைத்தான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன், துப்பவும் முடியவில்லை விழுங்கவும் முடியவில்லை. பவித்ரா முழுகாமல் இருக்கிறாள், கோயம்புத்தூரில். அங்கே அவளைப் பார்க்கிற டாக்டரம்மா, உன் அம்மா வீட்டில் யார் யார் எந்த நோயில் செத்தார்கள் என்று கேட்டு வா என்று சொல்ல, அவள் எனக்கு போன் போட்டாள். இந்தக் காலத்தில் பிள்ளை பெறுவதற்குச் செத்தவர்களின் ஜாதகமும் வேண்டும் போலிருக்கிறது. எனக்கு என்ன தெரியும், அத்தையைக் கேட்டேன். அத்தைக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் வெல்லம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சீர்வரிசை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு சாவாக எண்ணினாள். தாத்தாவுக்கு ராஜபிளவை. பெரிய தாத்தாவுக்கு மகோதரம். கல்யாணம் ஆகாமலே போன சின்ன அத்தைக்குக் கண்டமாலை. ஒவ்வொன்றையும் அவள் சொன்ன விதத்தில் அவையெல்லாம் நோய் மாதிரியே இல்லை, ஏதோ பட்டம் கொடுத்து அனுப்பி வைத்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் வந்ததும் மட்டும் குரல் வேகமாயிற்று. "ஒங்கம்மைக்குப் பாண்டு. அது அவ தலையெழுத்து." பாண்டு என்றால் என்ன அத்தை என்றேன். வெளுத்துப்போய்ச் சாகிறது, வேறென்ன, என்று சொல்லிவிட்டுக் காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள். எனக்கு ஏழு வயசில் காதில் விழுந்த வார்த்தை அது. என்ன என்று இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக்கூடாத வார்த்தை, அம்மா செய்த ஏதோ ஒரு தப்புக்குப் பெயர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இதே ஆஸ்பத்திரி வளாகத்தில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறதே, என் மூட்டுவலித் தைலத்துக்காகப் போகிற இடம், அங்கே இருக்கிற டாக்டரிடம் போய் எல்லா வார்த்தையையும் ஒப்பித்தேன். பவித்ரா வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ராஜபிளவை என்பது முதுகில் வருகிற பெரிய கட்டி, அந்தக் காலத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கு வரும், பவித்ராவிடம் கட்டாயம் சொல்லுங்கள். மகோதரம் வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது, ஈரல் கெட்டிருக்கும். கண்டமாலை கழுத்தைச் சுற்றி நெறி கட்டுகிற காசநோய். பாண்டு? அது ரத்தக்குறைவும்மா, என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச் சத்துக்குக் கொஞ்சம் மருந்து. இதுக்குப் போய் யாரும் சாக வேண்டியதில்லை என்றாள். எழுந்தவளை உட்காரவைத்து இன்னும் ஒன்று சொன்னாள். அந்த நோய் வந்தவர்களுக்கு மண், சாம்பல், பச்சரிசி இதையெல்லாம் தின்னத் தோன்றும், அதுவே ஒரு அடையாளம், உங்கள் வீட்டில் யாராவது அப்படித் தின்று பார்த்திருக்கிறீர்களா. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், தலை சுற்றல் ஏதும் உண்டா என்றும் என்னவோ கேட்டாள். நான் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. என் காதில் அரிசி கடிபடுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது, அம்மாவின் வாய்க்குள்ளிருந்து.

அரங்கு என்று சொல்லுவோம் அந்த அறையை. வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாமல், நெல்லும் அரிசியும் எண்ணெயும் வெல்லமும் அடைந்து கிடக்கிற அறை. அதன் சாவி அத்தையின் இடுப்பில். அத்தை நடந்தால் சாவிக்கொத்துச் சத்தம் முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள். காலையில் அரங்கைத் திறந்து அன்றைக்கு வேண்டிய அரிசியை அளந்து வெளியே வைத்துப் பூட்டிவிட்டால் மறுநாள்தான் திறக்கும். அம்மா அந்த அரிசியைக் களைய எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வாள். எனக்கும் கொஞ்சம் தருவாள், சொல்லிடாதட்டி என்று கண்ணாலேயே சொல்லுவாள். அப்போது அவளுடைய உதடு என்ன நிறம் என்று நினைத்துப் பார்க்கிறேன், உதட்டுக்கு நிறமே இல்லை, ஊறவைத்த அவல் மாதிரி. இப்போது தெரிகிறது. அப்போது எங்கம்மா நல்ல வெள்ளை என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறேன். வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆண்கள், அப்புறம் பிள்ளைகள், வந்தவர் போனவர், வேலைக்காரிக்கு எடுத்து வைத்தது போக அடிச்சட்டியில் இருப்பது மருமகளுக்கு. பல நாள் அடிச்சட்டியில் ரசத்து மண்டிதான் இருக்கும். எனக்கும் தம்பிக்கும் நடுவில் அம்மாவுக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை, அவ்வளவு ரத்தம் எங்கே போய் எங்கே இருந்து திரும்ப வந்திருக்கும். ஒரு நாள் அம்பாசமுத்திரத்துச் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா காப்பி கொண்டுவந்தாள். வாய் லேசாக அசைந்தது. அத்தை எழுந்து போய் அம்மாவின் தாடையைப் பிடித்து, வாயத் தொற என்றாள். அம்மா திறந்தாள். அத்தை விரலை விட்டு அரிசியை வழித்து எடுத்து எல்லோருக்கும் உள்ளங்கையில் காட்டினாள், பாருங்க எங்க வீட்டு மருமகளை, எலிக்குப் பொறந்தவளை, என்று. காப்பி டம்ளர் அம்மா கையில் ஆடவே இல்லை. அப்பா அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தத் தெருவில் பெயர் செண்பகவடிவு இல்லை, அரிசிதின்னி. அந்த அரிசியைத்தான் சித்த டாக்டர் அடையாளம் என்றாள். நோய் வாயைத் திறந்து நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, அத்தை அதை விரலால் வழித்துப் போட்டிருக்கிறாள்.

வைத்தியர் வராமலும் இல்லை, அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. அம்மா கிணற்றடியில் விழுந்த அன்று வந்தார். கண் மடலைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், பாண்டு என்றார். அன்னபேதிச் செந்தூரம் என்கிற இரும்பு மருந்தைப் பொட்டலம் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார், பால் கொடுங்கள், கீரை கொடுங்கள், வேலை வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பொட்டலங்களை அத்தை அரங்கில் வைத்துப் பூட்டினாள். கைப்பிள்ளைக்காரி செந்தூரம் தின்றால் சூடு பாலில் இறங்கும், பிள்ளைக்கு மாந்தம் வரும், தம்பி பால்குடி மறக்கட்டும் அப்புறம் பார்க்கலாம் என்றாள். கூடத்தில் இருந்த யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது, அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். தம்பி பால் மறப்பதற்குள் அம்மா போய்விட்டாள். செந்தூரம் செங்கல்பொடி நிறத்தில் அரங்குக்குள்ளேயே கிடந்தது, அப்புறம் வெகு காலம் கழித்து வெள்ளையடிக்கும்போது பார்த்தேன், அது என்ன என்றுகூட எனக்குத் தெரியாமல் குப்பையில் கொட்டினேன். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று சாரல் நேரம். பாடை தெரு முனை திரும்பவும் மழை கொட்டிற்று. அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை பெய்யும் என்று எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை மிரட்டுவார்கள், எல்லா வீட்டிலும் உண்டு. அத்தை நடையில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அரிசி தின்ன வாய்லா. மழ பெய்யத்தான செய்யும்." யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். நான் அத்தையின் சேலையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன், பிடிக்க வேறு சேலை இல்லை.

இன்னும் கூப்பிடவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர். இருக்கட்டும். அத்தை மட்டும் என்ன சுகப்பட்டாள் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். பதினேழு வயசில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், ஒரு வேளைச் சோறு, ராத்திரி உப்பில்லாத பலகாரம், நல்லது பொல்லாததில் முன்னால் வரக்கூடாது, பாவம் அல்லவா என்பார். பாவம்தான். நான் இல்லை என்று சொன்னேனா. தன் வயிறு காய்ந்தவளிடம் ஊர் சாவியைக் கொடுத்தது, அவள் இன்னொருத்தி வயிற்றைப் பூட்டினாள். அதைச் சொல்லி என்னை மன்னிக்கச் சொன்னால் எனக்கு வராது. மன்னிக்கிறவர்கள் மன்னித்துக்கொள்ளட்டும், அவர்களுக்கெல்லாம் அம்மா இருந்திருப்பாள். இந்த ஒரு வாரமும் அத்தைக்குச் சோறு போட்டேன், தலை வாரினேன், முதுகு தேய்த்தேன், ஒவ்வொரு தடவையும் கை அவள் கழுத்துப் பக்கம் போகும்போது பாண்டு பாண்டு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, ஏளா உலகு, சோத்தக் கொழையவிட்டுட்டியே என்று குறை சொன்னாள். அவள் படுக்கையை உதறினால் அரிசி மணி உதிர்கிறது, எலி கொண்டுவந்து போடுகிறது என்று இவர் பொறி வாங்கி வைத்தார், எலி அகப்படவில்லை. நானும் அரிசி தின்கிறேனே என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. என்னுடையது பழக்கம். அம்மாவுடையது நோய். எனக்கு என்ன, என் வீட்டு அரங்குக்குப் பூட்டு கிடையாது. நான் கடைசியில் சாப்பிடுவதுகூட யாரும் சொல்லி இல்லை, முதலில் தட்டைப் போட்டு உட்கார்ந்தால் கை கூசுகிறது, அவ்வளவுதான். சரி, விஷயத்துக்கு வருவோம். எழுந்து வெளியே போய் ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டால் என்ன. எனக்கு மயக்கமாக வருகிறது, முடியாது என்றால் யார் என்ன கேட்கப்போகிறார்கள். தம்பி பால் மறக்கட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று சொன்ன மாதிரி, நானும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லலாம். அதுவும் நியாயமாகத்தான் படும். அந்த யோசனையில் நெஞ்சு குளிர்கிறது, பொய் சொல்லவில்லை, பானைத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் போதாது. செத்துப்போனால் அவளுக்கு என்ன தெரியும், வயசு முடிந்து போனாள் என்று நாலு பேர் நல்ல சாவு என்பார்கள், அவளுக்கும் ஒரு பெரிய பெயர் உள்ள நோய் கிடைத்துவிடும். கூடாது. அவள் இருக்க வேண்டும். கொடுக்கிறேன். செண்பகவடிவு பெற்ற உடம்பிலிருந்து ஒரு பை நிறைய எடுத்து அவளுக்குக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறேன். ஒவ்வொரு சொட்டாக அவள் கைக்குள் இறங்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு காதில் சொல்கிறேன், அத்தை, இது அரிசிதின்னி ரத்தம், இனிமேல் இதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் மூச்சு விட வேண்டும், பாண்டு என்றால் என்ன என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளால் அதை வழித்து எடுத்துக் காட்ட முடியாது. துப்ப முடியாது. அரங்கில் வைத்துப் பூட்டவும் முடியாது. சாவிக்கொத்து இப்போது என் பையில்தான் இருக்கிறது, நேற்று சேர்க்கும்போது நர்ஸ் அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்து என்னிடம் தந்தாள். அந்த வீடு கைமாறி இடித்துக் கட்டியே ஆகிவிட்டது, திறப்பதற்கு ஒரு பூட்டும் இல்லாத சாவிகள், அவற்றைக் கட்டிக்கொண்டேதான் படுப்பாள். இப்படி ஒரு கொடை கொடுப்பதற்குத்தான் நான் இத்தனை வருஷம் அவளுக்குச் சோறு வடித்தேன் போல. சிரிப்பு வந்தது, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

உலகம்மாள். உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். நான் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி எழுந்தேன், சேலைக் கொசுவத்தைக்கூட நீவிவிட்டுக்கொண்டேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, ஸ்பிரிட் வாசனை. நாற்காலியில் ஒரு பெண் உட்காரச் சொன்னாள், சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, மாத்திரை ஏதும் போடுறீங்களா என்று கேட்டாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எடுங்கள், வேண்டியதை எடுங்கள், கூடுதலாகவே எடுங்கள். விரல் நுனியில் சுருக்கென்று குத்தி ஒரு துளி எடுத்தாள். மேஜையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை, அதில் நீல நிறத் தண்ணீர், மயில்கழுத்து நீலம். துளியை அதில் விட்டாள். ரத்தம் நல்ல கனமாக இருந்தால் உள்ளே இறங்கி அடியில் போய் உட்காருமாம். நான் குனிந்து பார்த்தேன். துளி மேலேயே நின்றது. கொஞ்சம் அமுங்கிற்று, இறங்கப்போகிறது என்று நினைத்தேன், திரும்ப மேலே வந்து மிதந்தது. இறங்கு, இறங்கித் தொலை என்று மனசுக்குள் அதட்டினேன். எத்தனை கனம் நெஞ்சில் இருக்கிறது, ஒரு துளிக்குக் கனம் இல்லாமலா போய்விட்டது. அந்தப் பெண் இன்னொரு விரலில் குத்தி இன்னொரு துளி விட்டாள். அதுவும் மிதந்தது. அப்புறம் என் முகத்துப் பக்கம் வந்து, கண் மடலைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "அம்மா, ஒங்களுக்கே ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. நீங்க குடுக்கக் கூடாது. மொதல்ல நீங்க டாக்டரப் பாருங்க" என்றாள். வேறு ஊரில் ஒருவர் இருக்கிறார், போன் போட்டிருக்கிறோம், வந்து சேர ராத்திரி ஆகும், பார்ப்போம் என்றும் சொன்னாள். பஞ்சை விரலில் வைத்து அழுத்திக்கொண்டு நான் அந்த நீலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் மடலை இழுத்த அந்தக் கை. வைத்தியர் அம்மாவுக்குச் செய்ததும் இதையேதான்.

மாடிப்படியில் இரண்டு தடவை நின்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் நகம் கண்ணில் பட்டது, வெள்ளையாக, கரண்டி மாதிரிக் குழிந்து. இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது. அப்படியென்றால் என்னிடமும் வந்தாயிற்று. பூட்டு இல்லாத வீட்டில் இருந்துகொண்டே, ஒருத்தரும் சொல்லாமலே, அடிச்சட்டிக்குக் காத்திருந்து காத்திருந்து என்னை நானே வெளுக்கடித்துக்கொண்டிருக்கிறேன். அத்தை என் பக்கத்தில் வரவே வேண்டியிருக்கவில்லை. இதைவிடக் கோபம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. கொடுக்கக்கூட விடவில்லையே என்னை, பழிவாங்கக்கூட ஒரு பை ரத்தம் மிச்சம் வைக்கவில்லையே. பவித்ராவுக்குப் போன் போட வேண்டும், கீரை தின்னு, மாத்திரையைத் தின்னு, மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து தின்னு என்று சொல்ல வேண்டும். அப்புறம் போடலாம். முதலில் இவள்.

வார்டில் அத்தை விழித்துத்தான் இருந்தாள். தலையணையில் முகம் மஞ்சளும் வெள்ளையுமாக, அந்த உதடு, அந்த அவல் நிறம். அம்மா கிழவியாகும்வரை இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள். அத்தையின் வலது கை போர்வைக்கு மேல் இடுப்பைத் தடவித் தடவிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. "ரத்தம் கெடச்சுதாளா?" என்றாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "எங்கிட்ட எடுக்க முடியாதாம் அத்தை. எனக்கும் பாண்டாம். ஒங்க கைச்சோறு தின்னு வளந்த ஒடம்புலா, ஒங்களுக்குக் குடுக்க அதுல ஒண்ணும் மிச்சமில்லியாம்." கண்ணைச் சிமிட்டாமல் என்னைப் பார்த்தாள். புரிந்தது. எனக்குத் தெரியும், அவளுக்குப் புரிந்தது. நான் பையைத் திறந்தேன், டப்பாவை எடுத்தேன். அவள் கண்ணெதிரே ஒரு பிடி அரிசியை அள்ளி வாயில் போட்டு, வாயை மூடாமல், சத்தம் கேட்கும்படி கடித்தேன். இப்போது வந்து வழித்து எடுங்கள் பார்ப்போம். ஆனால் அத்தை என் வாயைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியைத் தேடிய கை இடுப்பை விட்டு மெல்ல எழுந்து, போர்வையைத் தாண்டி, உள்ளங்கை மேலாக என் பக்கம் வந்து விரிந்தது. நாக்கு உதட்டை நக்கிற்று. "எனக்கும் ஒரு வாய் தாயேன்" என்றாள். எலிப்பொறி ஞாபகம் வந்தது. படுக்கையில் உதிர்ந்த அரிசி ஞாபகம் வந்தது. எத்தனை நாளாகத் திருடியிருக்கிறாள் என் வீட்டுப் பானையிலிருந்து, நான் தூங்கும்போதா, கோயிலுக்குப் போகும்போதா, வாயை மூடிக்கொண்டு சத்தம் கேட்காமல் எப்படி மென்றாள். கை நீட்டியபடியே இருந்தது. அந்த விரல்தான். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"வேண்டாம் அத்தை. மழ பெய்யும்" என்றேன். டப்பாவை மூடிப் பைக்குள், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.